பீலித் தண்ணி குறைந்துவிட்டது: நாலு பாத்தி மரக்கறியை எப்படிக் காப்பாற்றுவது?

நாலு_பாத்தி | ஜூலை 6, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் ஊவா மலைப்பக்கம், வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் வீடு கட்டி வந்து மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு முன்னால் நான்கு பாத்தி போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம். ஒன்றில் போஞ்சி, ஒன்றில் கரட், ஒன்றில் கோவா, ஒன்றில் தக்காளியும் மிளகாயும். வேலியில் சவ்சவ் கொடி. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் சரிவு, அதற்கு மேலே தேயிலை மலை.

மே மாதக் கடைசியோடு மழை நின்றுவிட்டது. பத்து வீட்டுக்கு, மலை ஊற்றுத் தண்ணி விழும் ஒரே பீலிதான். போன மாதம் 20 லீற்றர் கேன் இரண்டு நிமிடத்தில் நிறைந்தது. இன்று நேரம் பார்த்தேன், ஒன்பது நிமிடம். குடிக்கப் பிடிக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது நான் செடிக்கு என்று கேனை வைக்க முடியாது. எல்லோரும் பிடித்து முடிந்த பிறகு இரண்டு கேன், அதாவது 40 லீற்றர் எனக்குக் கிடைக்கிறது. தினமும் மாலையில் அதை நான்கு பாத்திக்கும் பூவாளியால் தெளிக்கிறேன். மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் இலை தொங்கிவிடுகிறது. போஞ்சி இப்போதுதான் பூக்க ஆரம்பித்திருக்கிறது. விட்டுவிட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஹப்புத்தளைக்_காற்று | ஜூலை 6, இரவு 9.25

தங்கச்சி, முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். 10 லீற்றர் தண்ணியை 3 சதுர மீற்றர் பாத்தியில் தெளித்தால், அது 3 மில்லிமீற்றர் சொச்ச மழைக்குச் சமம். காய்ந்த மண்ணில் அது ஒரு விரல் அகலம்கூட இறங்காது. வேர் கீழே இருக்கிறது, ஈரம் மேலே இருக்கிறது. காலையில் காற்று வந்து அந்த ஈரத்தைக் கொண்டுபோய்விடும். வேரும் ஈரத்தைத் தேடி மேலே வரும், அப்புறம் வெயிலில் வாடும்.

40 லீற்றரையும் ஒரு நாளைக்கு ஒரே பாத்திக்கு விடுங்கள். இன்று போஞ்சி, நாளை தக்காளி என்று சுற்று வரட்டும். அதே தண்ணிதான், ஆனால் நான்கு மடங்கு ஆழம் போகும். தெளிக்காமல் அடிப்பக்கமாக, மண் குடிக்கக் குடிக்க மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் நடுவிரலை முழுதாக மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். நுனியில் குளிர்ச்சி இருந்தால் அந்தப் பாத்தி இன்னும் ஒரு நாள் பொறுக்கும்.

அப்புறம் இந்தப் பக்கத்தில் வெயிலைவிடக் காற்றுதான் எதிரி. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் இப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மழையை அங்கேயே போட்டுவிட்டு, மலையைத் தாண்டி நம்மிடம் இறங்கும்போது காற்று காய்ந்து சூடேறி வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் அந்த மணமும் இந்தக் காற்றால்தான். கொழுந்துக்கு நல்லது, போஞ்சிப் பூவுக்குக் கெடுதி. காற்று வரும் பக்கம் கம்பு நட்டு பழைய சேலையோ உரச்சாக்கோ கட்டுங்கள். சுவர் மாதிரி இறுக்க வேண்டாம், காற்று பாதி கசிந்து போகிற மாதிரி இருந்தால்தான் தாங்கும்.

மிலாறு | ஜூலை 7, காலை 5.50

மகள், நான் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியே முப்பது வருடம் கழித்தவன். கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டி விழுந்த கிளையான மிலாறை அப்படியே பரப்பிவிட்ட இடமும், விறகுக்கு அள்ளிக்கொண்டு போன இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெயில் காலத்தில் இரண்டிலும் மண்ணைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். அள்ளிய இடம் ஓடு மாதிரி வெடித்திருக்கும். மூடிய இடத்தில் மிலாறைத் தூக்கினால் மண்புழு நெளியும். ஒரே மலை, ஒரே வெயில்.

ஆகவே தண்ணியைப் பற்றி யோசிக்கும் முன் மண்ணை மூடு. மானாப் புல் உங்கள் பக்கம் நிறைய இருக்கும். பூக்கும் முன் வெட்டி எடு, பூத்ததை வெட்டிப் போட்டால் விதை விழுந்து அடுத்த மழையில் பாத்தி முழுக்க மானாவாகிவிடும். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு நான்கு விரல் தடிப்புக்குப் பரப்பு. ஒரு கிழமையில் அது இரண்டு விரலுக்குப் படிந்துவிடும், அப்போது மேலே இன்னொரு தடவை போடு. செடித் தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளியே இருக்கட்டும், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். கரட் பாத்தியில் வரிசைக்கு நடுவில் பொடியாக நறுக்கிப் போடு.

இதில் எல்லோரும் விடும் பிழை ஒன்று இருக்கிறது. காய்ந்த மண்ணின் மேலேயே புல்லைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஊற்றும் தண்ணியைப் புல்லே குடித்துவிடும். அந்தப் பாத்தியின் முறை வரும் நாளில் நன்றாக நனை, நனைந்த கையோடு மூடு.

இன்னொன்று. இப்போது செய்ய முடியாது, ஒக்டோபர் மழைக்கு முன் செய். வீட்டுக்குப் பின்னால் சரிவு இருக்கிறது என்கிறாய் அல்லவா? அங்கே குறுக்காக மூன்று நான்கு குழி வெட்டிவிடு. மழைத் தண்ணி அதில் நின்று மண்ணுக்குள் இறங்கினால் அடுத்த வெயிலுக்குக் கீழே உள்ள பாத்திக்கு ஈரம் கிடைக்கும்.

கொஸ்லந்தைப்_பக்கம் | ஜூலை 7, காலை 7.15

ஐயா சொன்ன மூடாக்கு முழுக்கச் சரி. ஆனால் அந்தக் கடைசி யோசனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டிய சரிவுக்கு மேலேயோ அதன் முகத்திலோ தண்ணியைத் தேக்கக் கூடாது.

நான் எந்தப் பக்கத்து ஆள் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. நாட்கணக்காகப் பெய்த மழைத் தண்ணி சரிவுக்குள் இறங்கி, மண்ணைக் கனமாக்கி, பிடிமானத்தைத் தளர்த்தித்தான் மலை நழுவுகிறது. வீடு கட்ட அடியை வெட்டிய சரிவுக்கு ஏற்கெனவே முட்டு இல்லை. அதற்கு மேலே குழி வெட்டித் தண்ணியை நிறுத்துவது நாமே அதற்குள் தண்ணியை ஊற்றுவதுதான். ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை.

வீட்டுக்கு மேலே தண்ணி வேகமாக வெளியேற வேண்டும், தண்ணி ஓடும் கான் குப்பையில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். தேக்குவதென்றால் வீட்டுக்குக் கீழே, மட்டமான இடத்தில். சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கசியும் கலங்கல் ஊற்று, திறக்க முடியாமல் இறுகும் கதவு, இதில் எதைப் பார்த்தாலும் மழை நேரத்தில் வீட்டில் இருக்காதீர்கள். 117 க்கு அழைத்துச் சொல்லலாம். சரிவு எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் கிராம அலுவலர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடிதம் கொடுங்கள். தோட்டத்து மரக்கறி போனால் அடுத்த போகம் வரும்.

மிலாறு | ஜூலை 7, மாலை 6.30

தங்கச்சி சொன்னதுதான் சரி. நான் தேயிலை மலையை மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன். மலையில் கான் வெட்டும்போது இடைக்கிடை மண்ணை வெட்டாமல் குட்டி மேடாக விடுவோம். சின்ன மழையில் தண்ணி அந்த மேட்டுக்குப் பின்னால் நிற்கும், அடித்து வரும் மண்ணும் அங்கேயே தங்கும், பெருமழை வந்தால் மேட்டைத் தாண்டி வழிந்து ஓடிவிடும். அங்கே தேயிலை வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. வீட்டை ஒட்டி வெட்டிய சரிவுக்கு அது பொருந்தாது. மகள், பின்பக்கம் குழி வேண்டாம்.

முன்பக்கப் பாத்திக்கு நடுவில் உள்ள கானில் மட்டும் இந்தக் குட்டி மேடு விடு. அரை அடி உயரம் போதும். பாத்தி சரிவுக்குக் குறுக்காகத்தானே கிடக்கிறது? மேலிருந்து கீழாகப் போட்டிருந்தால் இந்தப் போகம் முடிந்ததும் திருப்பிப் போடு.

நானுஓயா_கரட் | ஜூலை 7, இரவு 9.05

எங்களுக்கு வறட்சி ஜனவரியிலிருந்து மார்ச் வரை, உங்களுக்கு நேர்மாறான காலம். அதனால் எங்கள் பழக்கம் கொஞ்சம் வேறு. மாலையில் தண்ணி ஊற்றுவதை இங்கே நாங்கள் தவிர்ப்போம். இலை ஈரமாக இரவுக் குளிரில் கிடந்தால் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் அங்கமாரி நோய் வந்துவிடும். காலையில், வெயில் ஏறும் முன் ஊற்றிவிடுவோம். துகள் பனி விழுந்த விடியலில் மட்டும் இலைமேலேயே தெளிப்போம், சூரியன் படும் முன் பனியைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் இலை கருகிவிடும்.

கூரைத் தண்ணியை யாரும் சொல்லவில்லையே? ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1 லீற்றர். 12 அடிக்கு 20 அடிக் கூரை 22 சதுர மீற்றர் வரும். 10 மில்லிமீற்றர் மழைக்கு, சிந்தல் போக, 180 லீற்றராவது பிடிக்கலாம், கிட்டத்தட்ட ஒரு பரல். உங்கள் பக்கம் ஆடியிலும் ஒரு மாலை இடியோடு கொட்டிவிட்டுப் போகும் அல்லவா, அந்த ஒரு மழைக்குக் கூரை ஓரத்துத் தகரப் பீலியும் பரலும் தயாராக இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் தூசியும் பறவை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிட்டுப் பரலுக்குத் திருப்புங்கள்.

பதுளைத்_தாழ்வாரம் | ஜூலை 8, காலை 10.20

பரல் வைக்கும்போது வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டிவிடுங்கள். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். எங்கள் தெருவில் டெங்கு வந்த வீட்டில் வாய் திறந்த பரல்தான் இருந்தது. சின்னப் பிள்ளை, நினைத்தால் இன்னமும் பதறுகிறது.

அடுப்படித் தண்ணியை வீணாக்காதீர்கள் தங்கச்சி. அரிசி, பருப்பு, மரக்கறி கழுவிய தண்ணியை நேரே பாத்திக்கு விடலாம். எங்கள் வீட்டில் ஐந்து பேர், அதிலேயே ஒரு நாளைக்கு 8, 10 லீற்றர் சேர்கிறது. உடுப்பு அலசிய தண்ணி என்றால் கடைசி அலசல் மட்டும், அதுவும் வேர்ப்பக்க மண்ணுக்கு மட்டும். பச்சையாகச் சாப்பிடும் வல்லாரை, லீக்ஸ், கரட் பக்கம் அது வேண்டாம். சவ்சவ் கொடிக்கு ஊற்றுங்கள், அது தாங்கும். அன்றைக்குப் பிடித்ததை அன்றைக்கே ஊற்றிவிடுங்கள், மறுநாள் நாறும். புளீச் போட்ட தண்ணி எதற்கும் ஆகாது.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் போத்தல் வையுங்கள். ஒன்றரை லீற்றர் போத்தலின் அடியை வெட்டி, மூடியில் ஊசியைச் சூடாக்கி இரண்டு துளை போட்டு, தலைகீழாக வேர்ப்பக்கம் புதையுங்கள். மண் புகுந்து அடைக்காமல் இருக்க மூடியைப் பழைய துணியால் சுற்றிவிடுங்கள். மண்முட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. மெழுகு பூசாத முட்டியைக் கழுத்துவரை புதைத்து, தண்ணி நிரப்பி, மூடியால் மூடிவிட வேண்டும். மண் காயக் காய அது தானாகக் கசியும். சுற்றி நான்கு செடி வைக்கலாம்.

நாலு_பாத்தி | ஜூலை 8, இரவு 8.10

அண்ணன், ஐயா, அக்காமார் எல்லோருக்கும் நன்றி. பின்பக்கச் சரிவை இன்று வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். வெடிப்பு எதுவும் இல்லை, மேல் கான் மட்டும் இலையால் அடைத்திருந்தது. அதை அள்ளினேன்.

நேற்றுப் போஞ்சிப் பாத்திக்கு 40 லீற்றரையும் விட்டு, மானாப் புல் போட்டேன். இன்று மதியம் ஒரு மணிக்கும் இலை தொங்கவில்லை. இரண்டு கேள்வி. நான்கு பாத்திக்கும் தண்ணி போதாமல் போனால் எதைக் கைவிடுவது? மாலையா காலையா, எனக்கு எது?

ஹப்புத்தளைக்_காற்று | ஜூலை 8, இரவு 9.00

உங்களுக்குப் பீலி காலியாவது மாலையில்தானே, மாலையே சரி. நம் பக்கத்துக் காய்ந்த காற்றில், இலையை நனைக்காமல் மண்ணில் ஊற்றினால் அங்கமாரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. நானுஓயாவில் அவர் சொல்வது அந்த இடத்துக்குச் சரி.

எதைக் கைவிடுவது என்றால், கோவா இன்னும் சுருளவில்லையென்றால் கோவாவை. நல்ல இலையைப் பறித்துச் சுண்டல் செய்துவிடுங்கள். போஞ்சிக்குப் பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் தண்ணி தவறினால் பூ கொட்டிவிடும், அப்புறம் ஊற்றினாலும் திரும்பாது. தக்காளிக்கு அளவைவிட ஒழுங்கு முக்கியம். ஒரு கிழமை காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும், அடிப்பக்கம் கறுக்கும். கரட் வேர் விட்டிருந்தால் கொஞ்சம் பொறுக்கும். மழை வரும்வரை யூரியா போடாதீர்கள், தளதளவென்று வரும் இலை இன்னும் தண்ணி கேட்கும், காய்ந்த மண்ணில் வேரும் பொசுங்கும்.

மவுசாக்கலைக்_கரை | ஜூலை 9, அதிகாலை 5.15

நான் இருப்பது மழைப்பக்கம். ஆனால் எங்களுக்கும் வறட்சி தெரியும். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டினால் எங்கள் பீலிகளும் இளைத்துவிட்டன என்று அர்த்தம்.

எல்லோரும் ஊற்றுவதைப் பற்றிப் பேசினீர்கள், நான் பீலியைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்பது நிமிடத்துக்கு 20 லீற்றர் என்றால் மணிக்கு 130 லீற்றருக்கு மேல். இரவு பத்திலிருந்து காலை நான்கு வரை யாரும் பிடிப்பதில்லை அல்லவா? அந்த ஆறு மணி நேரத்தில் 800 லீற்றர் யார் கையிலும் படாமல் கானில் ஓடுகிறது. பத்து வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 80 லீற்றர். உங்களுக்கு இப்போது கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு.

எங்கள் லயத்தில் இதற்கு ஒரு பெரிய சண்டை நடந்த பிறகுதான் வழி கண்டோம். மேலே இருந்த ஒரு வீட்டார் இரவில் ஊற்றிலேயே ஓஸ் பைப்பைச் செருகி, அவர்கள் லீக்ஸ் பாத்திக்கு விட்டுவிட்டார்கள். விடியும்போது லயத்தின் கடைசிக் காம்பரா வீடுகளுக்குச் சொட்டுக்கூட இல்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் வாளியோடு நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லோரும் காசு போட்டு 1000 லீற்றர் தாங்கி ஒன்று வாங்கிப் பீலிக்குக் கீழே வைத்தோம். இரவில் நிறையும். காலையில் குடிக்கவும் சமைக்கவும் முதலில், மாலையில் மிச்சத்தைப் பாத்தி வைத்திருப்பவர்கள் முறைவைத்து எடுப்போம். ஊற்றில் நேரே பைப் போடக் கூடாது, அது எல்லோரும் ஒத்துக்கொண்ட பேச்சு.

தாங்கி வைக்கும் முன், இரவில் வழியும் தண்ணி கீழே யாருக்குப் போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். கீழ் லயத்துக்கு அதுதான் பீலியாக இருக்கலாம். அப்படியென்றால் அவர்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஊற்றுக்கு மேலே உள்ள மரஞ்செடியை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1000 லீற்றர் என்றால் ஒரு தொன் பாரம், மண் சரிவின் ஓரத்தில் வைக்க வேண்டாம், கெட்டியான தரையில் வையுங்கள்.

கொஸ்லந்தைப்_பக்கம் | ஜூலை 9, காலை 7.40

அந்தக் கடைசி வரிக்கு நன்றி அண்ணன். தாங்கி நிறைந்தால் வழியும் தண்ணிக்கும் பைப் போட்டு, பழைய கானுக்கே விடுங்கள். கண்ட இடத்தில் வழியவிட்டால் அங்கேதான் மண் கரைய ஆரம்பிக்கும்.

மிலாறு | ஜூலை 9, மாலை 7.00

மானாப் புல் காய்ந்தால் பஞ்சு மாதிரி பற்றிக்கொள்ளும். பத்தனைப் புல்வெளியில் ஒவ்வொரு வெயிலுக்கும் தீ வைக்கிறார்கள், காற்றில் பொறி எங்கேயும் வரும். விறகடுப்புப் பக்கத்துப் பாத்திக்குப் புல் வேண்டாம் மகள், பிடுங்கிய களையையும் பழைய சாக்கையும் போடு.

நாலு_பாத்தி | ஓகஸ்ட் 17, இரவு 8.30

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கோவாப் பாத்தியை விட்டுவிட்டோம். நல்ல இலையெல்லாம் நான்கு நாள் கறிக்கு ஆனது. அம்மாவுக்கு முதலில் வருத்தம், அந்த நாற்றை அவர்தான் வாங்கி வந்தார். போஞ்சி நன்றாகக் காய்த்தது, கிழமைக்கு இரண்டு தடவை பறிக்கிறோம், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம். தக்காளியில் பாதி சரி, பாதிக்கு அடி கறுத்தது. போத்தல் வைத்த செடிகள் நன்றாக இருக்கின்றன, போத்தல் போதாமல் விட்ட செடிகளில்தான் பழுது. மூடாக்கைக் கிளப்பிப் பார்த்தால் மண் கறுப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது. நேற்றோடு மூன்று நாள் தண்ணி ஊற்றாமலே போஞ்சி நின்றது.

பீலி இப்போது கேனுக்குப் பதினொரு நிமிடம். தாங்கி பற்றிப் பேச இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. ஒரு வீட்டார் காசு போட முடியாது என்றார்கள், அவர்கள் பங்குக்கு அடித்தளம் கட்டும் வேலை செய்தார்கள். கீழே நடந்து போய்ப் பார்த்தோம். இரவுத் தண்ணி ஒரு சதுப்பில்தான் சேர்கிறது, அங்கே இரண்டு பேர் வல்லாரை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகப் பத்து நாளுக்கு ஒரு இரவு தாங்கியை மூடிவிடுவது என்று முடிவு. போன வெள்ளிக்கிழமை முதல் தடவை தாங்கி விடியலில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. எனக்கு நேற்று 55 லீற்றர் கிடைத்தது.

கோவா இருந்த பாத்தி சும்மா கிடக்கிறது. இப்போதே கரட் விதைக்கலாமா, மழை வரும்வரை பொறுக்கவா? போன வருடம் வெயிலில் விதைத்து ஒன்றும் முளைக்கவில்லை.

நானுஓயா_கரட் | ஓகஸ்ட் 17, இரவு 9.45

செப்டெம்பர் கடைசிவரை பொறுத்தால் சுலபம். இப்போதே போடுவதென்றால் பாதிப் பாத்திக்கு மட்டும் போடுங்கள். கரட் விதை முளைக்க 10 நாளிலிருந்து 14 நாள்வரை மேல்மண் ஒரு தடவைகூடக் காயக் கூடாது, போன வருடம் அங்கேதான் பிழை நடந்திருக்கும். கோட்டைக் கீறி, கோட்டுக்குள் மட்டும் தண்ணி விட்டு, விதைத்து, மெல்லிய மண் தூவி, நனைத்த சாக்கை விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். காலையும் மாலையும் சாக்குக்கு மேலேயே தெளியுங்கள், பாதிப் பாத்திக்கு ஒரு வேளைக்கு 3 லீற்றர் போதும். எட்டாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். வெள்ளை முளை தெரிந்த அன்றே மாலையில் சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் முளை சாக்கில் பின்னிக்கொண்டு அதோடு வந்துவிடும்.

நாலு_பாத்தி | ஓகஸ்ட் 17, இரவு 9.58

சரி அண்ணன். சாக்கு இரண்டு இருக்கிறது. நாளைக்கு மிளகாய்ப் பாத்தியின் முறை, நாளை மறுநாள் விதைக்கிறேன்.